சிறுவயது வன்கொடுமையும் பதின்வயதுக் கர்ப்பமும்: இனவாரிக் கணக்கு எங்கே பிசகுகிறது?

அமெரிக்காவில் 2020இல் 15 முதல் 19 வயதுள்ள 1000 பெண்களுக்குக் கறுப்பினத்தவரில் 24.4, ஹிஸ்பானியரில் 23.5, வெள்ளையரில் 10.4, ஆசியரில் 2.3 குழந்தைகள் பிறந்தன. இதைப் பார்த்ததும் இனத்தின் மேல் பழிபோடுவோர் உண்டு. அவசரப்பட வேண்டாம்.

சான் டியேகோவில் 9,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. அடி, வசவு, பாலியல் வன்கொடுமை, தாய் அடிவாங்குவதைப் பார்த்தது, வீட்டில் குடி முதலான எட்டு வகைச் சிறுவயதுத் துன்பங்கள். பட்டது ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். பூஜ்யம் பெற்றவர்களில் 16% பேர் 19 வயதுக்குள் கருவுற்றிருந்தார்கள். மதிப்பெண் நான்கு என்றால் 32%, ஏழு எட்டு என்றால் 53%.

வன்கொடுமை கர்ப்பத்தில் போய் முடியும் வழி ஒன்றல்ல. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான சிறுமிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், மார்பு வளர்ச்சி சுமார் 8 மாதமும் அந்தரங்க முடி வளர்ச்சி ஒரு வருடமும் முந்தியிருந்தன. உடல் முந்தினால் வயதில் மூத்த ஆண்களின் பார்வையும் முந்தி விழும். வலியை மறக்கக் குடி, வீட்டைவிட்டு ஓடுதல், 'ஆணுறை போடு' என்று வாய்விட்டுச் சொல்லப் பயம் எல்லாம் மேலே சேரும்.

இனி இனத்துக்கு வருவோம். 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2009 கணக்கில், சிறுவயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களிடம், கருவுற்றோருக்கும் கருவுறாதோருக்கும் உள்ள விகிதம் மற்றவர்களைவிட 2.21 மடங்கு. இந்த மடங்கு எல்லாச் சமூகத்திலும் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். வன்கொடுமை இல்லாதபோதே 100க்கு 10 பேர் கருவுறும் சமூகத்தில், அதற்கு ஆளானோரிடையே 100க்கு ஏறக்குறைய 20 ஆகும். 2 பேர் கருவுறும் சமூகத்தில் 4 சொச்சம்தான். மடங்கு அதேதான், ஆனால் கூடுதலாகக் கருவுறுவோர் ஒரு பக்கம் பத்துப் பேர், மறுபக்கம் இரண்டே பேர். அந்த அடிப்படை எண்ணைத் தீர்மானிப்பதில் வறுமைக்கும், பள்ளிக்கும், கருத்தடை எட்டும் தூரத்தில் கிடைக்கிறதா என்பதற்கும் பெரும் பங்கு உண்டு.

அளவுகோலிலும் கோளாறு உண்டு. பல ஆய்வுகள் குழந்தைநலத் துறையின் பதிவேட்டை நம்புகின்றன. 2017இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, அமெரிக்காவில் 18 வயதுக்குள் ஒருமுறையாவது அத்துறையின் விசாரணைக்கு உள்ளாகும் குழந்தைகள் கறுப்பினத்தில் சுமார் 53%, வெள்ளையரில் 28%. வறுமையோடு அதிகாரிகளின் கண்காணிப்பும் இதில் கலந்திருக்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லாததால் வன்கொடுமை நடக்கவில்லை என்றும் ஆகாது.

இன்னொரு பிசகு, சீக்கிரம் பூப்படைவதையும் குடியையும் 'பிற காரணிகள்' என்று கழித்துவிடுவது. அவை வன்கொடுமையின் விளைவுகளாக இருக்கலாம். கணக்கில் அவற்றைக் கழித்தால் வன்கொடுமைக்கும் கர்ப்பத்துக்கும் தொடர்பே இல்லாததுபோல் தோன்றலாம்.

மருத்துவமனைக்கு வரும் பெண்ணிடம் இனத்தைவிடப் பயன்படும் கேள்விகள் இவை: துணையின் வயது என்ன, கருத்தடையை அவன் தடுக்கிறானா, வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறாளா. தாயையும் துணையையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும். தடுக்கிறான் என்றால், வீட்டில் மாத்திரை அட்டையை ஒளித்துவைக்கத் தேவையில்லாத கருத்தடை ஊசியைப் பற்றிப் பேசலாம்.