எதிர்சாய்வும் மூவளைவும்: ‘கான்ட்ரபோஸ்டோ’ ஒரு சொல் விளக்கம்

மனித உருவத்தைக் கல்லிலோ செம்பிலோ வடிப்பவர், அதை எவ்வாறு நிற்கவைப்பது என்பதை முதலில் முடிவுசெய்தாக வேண்டும். அவ்வாறான ஒரு நிற்பைக் குறிக்கும் ‘கான்ட்ரபோஸ்டோ’ என்னும் இத்தாலியச் சொல்லுக்கு ‘எதிராக வைக்கப்பட்டது’ என்பது பொருள். அதன் இலத்தீன் வேர்களில் ‘கான்ட்ரா’ எதிரையும் ‘போனெரே’ வைத்தலையும் குறிக்கும். உடலின் எடை ஒரே காலில் இறங்கும்போது அப்பக்கத்து இடுப்பு உயர்ந்து, அதே பக்கத்துத் தோள் தாழ்ந்து, மறுகால் தளர்ந்து மடங்குகிறது. பழைய கிரேக்க இளைஞர் சிலைகள் இடக்காலை முன்வைத்தாலும் எடையை இரு கால்களிலும் தாங்கி விறைத்தே நிற்கின்றன. ஏதென்ஸில் கிடைத்த, கி.மு. 480 அளவிலான கிரிட்டியோஸ் சிறுவன் சிலையில் அந்த விறைப்பு தளர்கிறது. 1504-இல் முடிந்த மைக்கேலாஞ்சலோவின் தாவீதும் இவ்வழி வந்தவரே.

இச்சொல்லைத் தமிழில் ‘திரிபங்கம்’ என்று பெயர்ப்போர் உண்டு. அது பொருந்தாது. வடசொல்லான திரிபங்கம் கழுத்து, இடை, முழங்கால் ஆகிய மூன்றிடத்து வளைவைச் சுட்டுவது. உச்சியிலிருந்து இறங்கும் பிரம்மசூத்திரம் என்னும் தூக்குநூலிலிருந்து உடல் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து அமைப்பது. இடுப்பில் தண்ணீர்க் குடம் வைத்து நிற்கும் கடலோரப் பெண்ணைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும்: இடை ஒருபுறம் ஒதுங்க, மார்பு மறுபுறம் சாய்கிறது. சோழர் காலத்து உமையின் திருமேனிகளிலும், வில்லேந்தக் கையுயர்த்திய இராமர் திருமேனிகளிலும் இவ்வளைவே அழகூட்டுகிறது. கிரேக்கர் எலும்பும் தசையும் எடை தாங்கும் முறையிலிருந்து தொடங்கினர். நம் சிற்பிகள் அந்தத் தூக்குநூலிலிருந்தும், முக நீளத்தை அலகாகக் கொண்டு உடலை அளக்கும் தாளக் கணக்கிலிருந்தும் தொடங்கினர்.

‘பங்கம்’ என்றதும் தமிழ்க் காதில் விழுவது ஊறும் இழிவுமே என்பதால், திரிபங்கத்தை ‘மூவளைவு’ என்றும், கான்ட்ரபோஸ்டோவை ‘எதிர்சாய்வு’ என்றும் வழங்கலாம். இராமநாதபுரம் பக்கம் ஒயிலாட்டத்தால் நன்கறிந்த ‘ஒயில்’ என்னும் சொல் ஆசைகாட்டுவது உண்மை. ஆனால் அது நிற்பின் அழகைச் சொல்கிறதே தவிர அமைப்பைச் சொல்வதில்லை.

இராமேசுவரம் கோயிலில் கைகூப்பி நிற்கும் சேதுபதிகளின் சிலைகளுக்கு இவ்விரு சொற்களுமே ஆகா. மூன்றாம் பிரகாரத் திருப்பணியோடு பெயர் இணைந்த முத்துராமலிங்க சேதுபதியும் அங்கே இரு கால்களையும் ஒப்ப ஊன்றித்தான் நிற்கிறார். வளைவு இறைவனுக்கும் இறைவிக்கும் உரியதாக, வழிபடும் அரசனுக்கு உரியது சமபங்கம். அதனை ‘நேர்நிலை’ என்றாலே போதும்.