பிளான்டேஷன்: நட்டது பயிரையா, ஆளையா?

அமெரிக்க வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் அடிக்கடி இடறும் சொல் இது. 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் போனவர்கள் அமெரிக்கக் கரையில் அமைத்த ஊருக்கு ஆங்கிலத்தில் பிளைமவுத் பிளான்டேஷன் என்று பெயர். அகராதியைப் புரட்டினால் தோட்டம் என்று போட்டிருக்கும். சரி என்று 'பிளைமவுத் தோட்டம்' என எழுதிவிட்டால், வாசகர் மனத்தில் உடனே தேயிலைச் செடி முளைத்துவிடும். அங்கே இருந்ததோ ஒரு தெரு, பலகை வீடுகள், சுற்றிலும் மரவேலி, வெளியே மக்காச்சோளக் கொல்லை, அவ்வளவுதான்.

சொல்லின் வேர் லத்தீன். பிளான்டா என்றால் நாற்று, நடுவதற்கு வெட்டிய போத்து. உள்ளங்காலுக்கும் லத்தீனில் அதே சொல்தான். நட்ட இடத்தில் மண்ணைக் காலால் மிதித்து இறுக்குவோமே, அதை வைத்து இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. அதிலிருந்து வந்த பிளான்டேஷனுக்கு நேர்ப்பொருள் நடவு. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இதைப் பயிரிலிருந்து ஆளுக்கு மாற்றினார்கள். அயர்லாந்தில் ஐரிஷ்காரர்களின் நிலத்தைப் பறித்து, இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடும்பங்களைக் கொண்டுவந்து அதில் 'நட்டார்கள்'. மன்னர் முதலாம் ஜேம்ஸ் காலத்தில், அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் 1609இல் தொடங்கிய அல்ஸ்டர் பிளான்டேஷன் இதில் பெரியது. 1625இல் ஆங்கிலத் தத்துவவாதி பிரான்சிஸ் பேக்கன் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். நாடு நடுவது காடு நடுவதைப் போன்றது, இருபது வருட லாபத்தை மறந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. தோட்டக்காரர், உழவர், கொல்லர், தச்சர், மீனவர் என்று கூட்டிப்போக வேண்டிய ஆட்களின் பட்டியலும் கொடுத்திருக்கிறார். பேக்கன் நடச் சொன்னது மனிதர்களை.

இந்தச் சொல் கடல் தாண்டிய பிறகுதான் கதை சுவாரசியமாகிறது. வடக்கே நியூ இங்கிலாந்து, தெற்கே வர்ஜீனியா. இரண்டுமே ஆங்கிலேயர் குடியேறிய இடங்கள், இரண்டுமே பிளான்டேஷன்கள். ஆனால் அன்றாடப் பிழைப்பு வேறு வேறு திசையில் போனது, சொல்லும் கூடவே போனது.

1635இல் நியூ இங்கிலாந்தின் மாசசூசெட்ஸ் காலனியில் சட்டம் போடும் பொதுமன்றம் ஓர் ஆணை போட்டது: புதிய பிளான்டேஷன் எதிலும் வழிபாட்டுக் கூடத்திலிருந்து அரை மைலுக்கு அப்பால் யாரும் வீடு கட்டக் கூடாது. இந்த ஆணையில் பிளான்டேஷன் என்றால் ஊர் என்றுதான் பொருள். வேறு எப்படிப் படித்தாலும் வாக்கியம் நிற்காது. நடுவில் கூடம், அதைச் சுற்றி வீடுகள், மாடு மேய்க்கப் பொது நிலம், ஊர்க்கூட்டத்தில் வழக்கும் வரியும். 1647இல் இன்னொரு சட்டம்: ஐம்பது குடும்பம் உள்ள ஊர், எழுதப் படிக்கச் சொல்லித்தர ஆள் வைக்க வேண்டும், நூறு குடும்பம் இருந்தால் லத்தீன் பள்ளியே வேண்டும்.

வர்ஜீனியாவில் ஊரே சரியாகக் கூடவில்லை. காரணம் புகையிலை. 1612 வாக்கில் ஜான் ரால்ஃப் என்ற குடியேறி நல்ல ரகத்தைப் பயிரிட்டுப் பார்த்தார். சில ஆண்டுகளில் எல்லாரும் அதையே நட்டார்கள். புகையிலை மூன்று நான்கு விளைச்சலில் மண்ணைச் சக்கையாக்கிவிடும், புது நிலம் வேண்டும். ஓர் ஆளை அங்கே கொண்டுவரக் கப்பல் கூலி கொடுத்தவருக்கு ஐம்பது ஏக்கர் கிடைத்தது. ஆறுகள் ஆழமானவை, லண்டன் கப்பல் பண்ணைக்காரரின் சொந்தத் துறைக்கே வந்து சரக்கை ஏற்றிக்கொண்டு போனது. அப்புறம் சந்தை எதற்கு, ஊர் எதற்கு? பாதிரியாருக்குச் சம்பளமே புகையிலையில்தான்: 1696 சட்டப்படி ஆண்டுக்கு 16,000 பவுண்டு எடை. பக்கத்து வீடு மைல் கணக்கில் தள்ளி. பள்ளிக்கூடம்? 'இலவசப் பள்ளியும் அச்சகமும் இங்கே இல்லை, கடவுளுக்கு நன்றி' என்று 1671இல் எழுதியவர் அந்தக் காலனியின் ஆளுநர் வில்லியம் பெர்க்லி.

1619இல் முதல் ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதுவரை வயலில் உழைத்த ஒப்பந்தக் கூலிகளின் இடத்தில் அடிமைகள் வைக்கப்பட்டார்கள். பெரிய நிலம், ஒரே பயிர், அடிமை உழைப்பு, மாளிகையில் முதலாளி: இன்று நாம் பிளான்டேஷன் என்றதும் நினைப்பது இந்தக் காட்சியைத்தான். தென் கரோலினாவின் நெல் வயல்கள் இதை இன்னும் அழுத்தமாக்கின. நடுவில் இருந்த பென்சில்வேனியா கோதுமையும் குடும்பப் பண்ணையுமாகப் பிழைத்தது. சொல் வரலாற்றுக்கு அதனால் பெரிய வரவு எதுவும் இல்லை.

தமிழுக்கு வருவோம். தெற்கத்திப் பொருளுக்குப் பெருந்தோட்டம் சரியான சொல். இலங்கையில் அது நன்றாகவே புழங்குகிறது. மலையகத்துக்காரருக்குத் தோட்டம் என்றால் பூந்தோட்டம் இல்லை, லயமும் கங்காணியும் துரையும் சேர்ந்த ஓர் உலகம். இங்கே வால்பாறைப் பக்கம் எஸ்டேட் என்போம். பழைய பொருளுக்குக் குடியேற்றம் போதும். ஒருவர் இன்னொருவரைக் கொண்டுபோய் வைத்ததை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் குடியமர்த்தல்; அல்ஸ்டருக்கு நான் அதைத்தான் எழுதுவேன். பட்டினப்பாலை கரிகாலனைப் பற்றி 'காடு கொன்று நாடாக்கி' என்கிறது, சற்றுத் தள்ளி 'குடிநிறீஇ' என்றும் சொல்கிறது. குடிகளை நிறுத்தி. பேக்கன் சொன்ன நடவுக்கு இவ்வளவு அருகில் வரும் தமிழ்ச்சொல் வேறு எனக்குத் தெரியவில்லை. ஆனால் பிளைமவுத்துக்கு 'காடு கொன்று' பொருந்தாது. அந்த இடத்தில் பூர்வகுடிகளின் படக்செட் என்ற ஊர் இருந்தது. கப்பல் வருவதற்குச் சில வருடம் முன்புதான் கொள்ளைநோய் அதை வெறுமையாக்கியிருந்தது. அங்குள்ள அருங்காட்சியகமும் 2020இல் பிளான்டேஷனைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டுப் படக்செட்டைச் சேர்த்துக்கொண்டது.

அதே ஆண்டு ரோட் ஐலண்டிலும் இந்தச் சொல்லுக்கு வாக்கெடுப்பு நடந்தது. அதுவரை அந்த அமெரிக்க மாநிலத்தின் முழுப் பெயர் 'ரோட் ஐலண்டும் பிராவிடன்ஸ் பிளான்டேஷன்களும்'. 1636இல் ரோஜர் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் பிராவிடன்ஸ் ஊரை நிறுவியபோது குடியேற்றம் என்றுதான் பொருள், அடிமைத்தனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஒரு தரப்பு வாதாடியது. 2010இல் மக்கள் அதை ஏற்றுப் பெயரை வைத்துக்கொண்டார்கள். 2020 நவம்பரில் வால்பகுதியை வெட்டிவிட்டார்கள். சொல்லாராய்ச்சியில் முதல் தரப்பு சொன்னது சரி. ஆனால் அதே மாநிலத்தின் நாரகான்செட் பகுதியில், 18ஆம் நூற்றாண்டில், அடிமைகளை வைத்துக் குதிரையும் பாலாடைக்கட்டியும் விற்ற பெரிய பண்ணைகள் இருந்தன. ஆகவே தமிழில் எழுதும்போது பழைய மாநிலப் பெயருக்குப் பிராவிடன்ஸ் குடியேற்றங்கள், நாரகான்செட்டுக்குப் பெருந்தோட்டம்.