பத்திரத்தில் எழுதி வாங்கினால் விவாகரத்து ஆகிவிடாது

மறுபடியும் ஒரு முத்திரைத்தாள். தலைப்பில் ‘விவாக விடுதலைப் பத்திரம்’. கீழே இரு தரப்புக் கையெழுத்து, சாட்சிகள் நான்கு பேர், பக்கத்துக்குப் பக்கம் நோட்டரி முத்திரை. “இன்று முதல் ஒருவர் வாழ்க்கையில் மற்றவர் தலையிடுவதில்லை, இருவரும் அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம்” என்று அழகான தமிழில் ஒரு வரி. அந்த வரியை நம்பிப் பையனுக்கு வேறு பெண்ணைக் கட்டிவைத்து, அவளுக்குப் பிள்ளையும் பிறந்த பிறகு, “இது செல்லும்தானே?” என்று கேட்டு வருகிறார்கள்.

செல்லாது. 20 ரூபாய்த் தாளில் எழுதினாலும் செல்லாது, 1,000 ரூபாய்த் தாளில் எழுதினாலும் செல்லாது.

இந்து திருமணச் சட்டம், 1955-ன் கீழ் வரும் ஒரு திருமணத்தை முறிக்க நீதிமன்றத் தீர்ப்பாணை வேண்டும். குடும்ப நீதிமன்றம் இருக்கும் ஊரில் அங்கே, இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில். நோட்டரியால் முடியாது. பத்திர எழுத்தரால் முடியாது. ஊர் அம்பலமும் பெரியவர்களும் உட்கார்ந்து பேசித் தீர்த்தாலும் முடியாது. மகளிர் காவல் நிலையத்தில் “இனி பிரச்சினை இல்லை, பிரிந்து வாழ்கிறோம்” என்று எழுதிக் கொடுத்து மனு ரசீது வாங்கி வருவது புகாரை முடித்துவைக்குமே தவிர, திருமணத்தை முடித்துவைக்காது. நகரத்தார் கோவில் புள்ளிக் கணக்கில் (குடும்பங்களைப் பதியும் ஏட்டில்) பெயர் எப்படி இருக்கிறது என்பதும் விவாகரத்துக்குச் சான்றாகாது. 2024 அக்டோபரில் ஒன்றிய சட்ட அமைச்சகமே, திருமண, விவாகரத்துப் பத்திரங்களை எழுதித்தரும் அதிகாரம் நோட்டரிகளுக்கு இல்லை என்று குறிப்பாணை போட்டுவிட்டது. அதன் பிறகும் முத்திரை குத்தித் தருகிறவர்களை என்ன சொல்ல?

“நாங்கள் நோட்டரியோடு விடவில்லை சார், ரிஜிஸ்டர் ஆபீசிலேயே பதிந்துவிட்டோம்” என்பவர்கள் அடுத்த வகை. ஆவணத்தைப் பதிவு செய்தால், அப்படி ஒரு ஆவணம் எழுதப்பட்டது என்பதற்குத்தான் சான்று கிடைக்கும். இல்லாத அதிகாரம் பதிவு செய்வதால் வந்துவிடாது. பதிவான திருமணத்தைக் கணவன் மனைவி இருவரும் நேரில் போய்க் கேட்டாலும், பிரிந்துவிட்டார்கள் என்ற காரணத்துக்காகச் சார்பதிவாளர் ரத்து செய்ய முடியாது.

“எங்கள் சமூகத்தில் அத்துவிடும் (பேசித் திருமணத்தை முறித்துவிடும்) வழக்கம் பாட்டன் காலத்திலிருந்து உண்டு” என்று சொல்பவர்களின் வாதத்தில் கொஞ்சம் சட்டம் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்காற்று மணமுறிவைக் காப்பாற்றித்தான் வைத்திருக்கிறது. ஆனால் அந்த வழக்காறு தொன்றுதொட்டது, இடைவிடாதது, அந்தச் சமூகத்தார் எல்லோரும் ஏற்று நடப்பது என்பதை நீதிமன்றத்தில் சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன சுப்பிரமணி - சந்திரலேகா வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அங்கேயும் பத்திரம் இருந்தது, வழக்காறு நிரூபணமாகவில்லை, பத்திரம் நிற்கவில்லை. உங்கள் சித்தப்பா ஒருவர் அப்படிச் செய்தார் என்பது வழக்காறு ஆகாது.

சரி, செல்லாத பத்திரத்தால் என்ன கெட்டுவிடும்? யார் யாருக்கு எங்கெங்கே அடி விழுகிறது என்று பாருங்கள்.

கணவனுக்கு: முதல் திருமணம் உயிரோடு இருக்கும்போது செய்த இரண்டாவது திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா 82-ம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. முதல் திருமணத்தை மறைத்துக் கட்டியிருந்தால் பத்து ஆண்டு வரை. “அவளே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள்” என்பது விடுதலைக்கு வழியாகாது. அரசு வேலையில் இருந்தால் துறை நடவடிக்கை தனி.

மனைவிக்கு: இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஜீவனாம்சம் கேட்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-ம் பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125) ஒரு துணைப்பிரிவு உண்டு. இருவரும் பரஸ்பர சம்மதத்தில் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று அது சொல்கிறது. முறையாகத் தீர்ப்பு வாங்கி விவாகரத்தான பெண்ணை அந்தத் தடை கட்டுப்படுத்தாது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பெண்ணிடமோ எதிர்த்தரப்பு வக்கீல் அதே தாளை நீட்டுவார். விவாகரத்துக்கு உதவாத காகிதம் ஜீவனாம்சத்தைத் தடுக்க ஆயுதமாகிவிடும். ஆச்சிமாரே, யார் வற்புறுத்தினாலும் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டாவதாக வந்தவளுக்கு: குடும்ப ஓய்வூதியம் கிடையாது, வாரிசுரிமை கிடையாது. அவளுடைய பிள்ளைகளை மட்டும் இந்து திருமணச் சட்டத்தின் 16-ம் பிரிவு காக்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பன் பங்குக்கு வரும் பகுதியில் அவர்களுக்கும் உரிமை உண்டு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இனி வீடு. நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒரு பெயரில் இருப்பதில்லை. பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர், சிலர் சென்னையில், சிலர் சிங்கப்பூரில், மலேசியாவில். ஒரு பங்குக்காரர் இறந்து, வீட்டை விற்க எல்லோரும் சம்மதித்து, வாங்குபவரின் வக்கீல் வாரிசுச் சான்று கேட்கும்போதுதான் பழைய கதை கிளம்புகிறது. பல ஆண்டுக்கு முன் பத்திரம் எழுதி அனுப்பிய மனைவி இன்றும் சட்டப்படி மனைவி. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி முதல் வகுப்பு வாரிசு. அவர் கையெழுத்தில்லாமல் அந்தப் பங்கு நகராது. ஒருவரின் அவசரத்துக்காக மொத்த வளவு வீடும் கிரயமாகாமல் கிடக்கிறது.

முறையான வழி ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. இருவருக்கும் சம்மதம் என்றால் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு. ஓராண்டு தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும். தனித்தனி என்றால் தனித்தனிக் கூரை என்று பொருளில்லை. ஒரே வீட்டில் இருந்தும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் போதும் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே வீட்டுக்குள் வேறு வைத்து (தனிக்குடித்தனமாக) தனி அடுப்பில் இருந்து பழகிய வீட்டுக்காரர்களுக்கு இது புரியும். திருமணப் பத்திரிகை, படம், பதிவுச் சான்று, இருவரின் முகவரிச் சான்று வைத்து ஒரே மனுவாகத் தாக்கல் செய்யலாம். திருமணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி இப்போது வசிக்கும் ஊர், இவற்றில் எங்கே வேண்டுமானாலும் போடலாம். ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இருவரும் மீண்டும் ஆஜராகிச் சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். மனு போடும்போதே பிரிந்து ஒன்றரை ஆண்டு கடந்திருந்து, பணம், பிள்ளை எல்லாம் பேசி முடிந்திருந்தால், அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் (அமர்தீப் சிங் வழக்கு, 2017).

கவனம்: தீர்ப்பு வரும் வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் பேசிய தொகை முழுவதையும் முதல் நாளே ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு தலையில் கை வைக்காதீர்கள். பாதி முதல் முறை ஆஜராகும்போது, மீதி இரண்டாம் முறை, இரண்டும் டிமாண்ட் டிராப்டாக, எண் மனுவிலேயே குறிக்கப்பட்டதாக இருக்கட்டும். பெண் வீட்டாருக்கும் அதுவே பாதுகாப்பு. சம்மதமில்லாமல் வழக்காடி வாங்கிய தீர்ப்பு என்றால் மறுநாளே பெண் பார்க்கக் கிளம்ப வேண்டாம். மேல்முறையீட்டுக் காலமான 90 நாள் போகட்டும்.

அடுத்தது சீர். சாமான் பரப்பி, ஊரார் பார்க்க எண்ணி, சிட்டை எழுதுவது நம் பக்கத்து வழக்கம். வெள்ளி, எவர்சில்வர், பித்தளை, எனாமல் என்று கரண்டி வரை எழுதும் குடும்பங்கள் உண்டு. அந்தச் சிட்டையில் மணமக்கள் கையெழுத்து மட்டும் இருக்காது! வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழான 1985-ம் ஆண்டு விதிகளின்படி திருமணப் பரிசுப் பட்டியலில் பொருளின் விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு, மணமக்கள் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். இவ்வளவு எழுதுகிறவர்கள் இன்னும் இரண்டு கையெழுத்து வாங்கினால் பின்னால் பாதிச் சண்டை மிச்சம். நகைக்குக் கடை ரசீது, எடை, படம். கழுத்திரு போன்ற பரம்பரை நகைக்கு ரசீது இருக்காது, படமாவது எடுத்து வையுங்கள். பெண்ணுக்குக் கொடுத்தது பெண்ணுடையது. மாமியார் பெயரில் உள்ள லாக்கரில் இருப்பதால் அது மாமியாருடையது ஆகிவிடாது. 1985-ல் பிரதிபா ராணி வழக்கிலேயே இது தீர்ந்த விஷயம்.

இசைகுடிமானம் (திருமணத்தன்று எழுதும் ஒப்பந்த ஏடு) எழுதியிருப்பது திருமணம் நடந்ததற்கு நல்ல சாட்சியம். ஆனால் தமிழ்நாட்டின் 2009-ம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவதும் கட்டாயம். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள்.

பிள்ளைகள் விஷயத்தில் பஞ்சாயத்து சொல்லும் சூத்திரம் ஒன்று உண்டு: ஆண் பிள்ளை அப்பச்சிக்கு (அப்பாவுக்கு), பெண் பிள்ளை ஆத்தாளுக்கு (அம்மாவுக்கு). சட்டத்தில் அப்படி எங்கும் இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை பொதுவாகத் தாயிடம். அதன் பின் பிள்ளையின் நலன் எதுவோ அது. பார்க்கும் உரிமையை எழுதும்போது “அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுதாதீர்கள், அடுத்த வழக்கு அந்த வரியிலிருந்துதான் முளைக்கும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் ஒப்படைப்பது, கோடை விடுமுறையில் எத்தனை நாள், பொங்கலுக்கு யாரிடம், பிள்ளையார் நோன்புக்கு யாரிடம், வெளிநாட்டில் இருப்பவர் வீடியோவில் பேசும் நேரம் எது, கடவுச்சீட்டு யார் கையில், பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, எல்லாம் எழுத்தில் வரட்டும். மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு “பிள்ளைக்கும் எதுவும் கேட்க மாட்டேன்” என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் பிள்ளையின் உரிமை போகாது. மகளுக்குத் திருமணமாகும் வரை அந்தப் பொறுப்பு உண்டு. தயவுசெய்து பிள்ளையைத் தூதனுப்பாதீர்கள், நீதிமன்ற வராந்தாவில் அதன் கையை ஆளுக்கொரு பக்கம் இழுக்காதீர்கள்.

சம்மன் வந்தால் வாங்குங்கள். மறுத்தால் வழக்கு நிற்கும் என்று யார் சொல்லித்தருகிறார்களோ தெரியவில்லை. மறுத்தாலும் சார்வு ஆனதாகவே (சம்மன் சேர்ந்ததாகவே) கொள்வார்கள், நீங்கள் இல்லாமலேயே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகும். அதை நீக்கக் கேட்க 30 நாள்தான். ஜீவனாம்ச வழக்கில் “எனக்குச் சம்பளமே இல்லை” என்று வாயால் சொல்லித் தப்பவும் முடியாது. 2020 முதல் இரு தரப்பும் சொத்து, கடன் விவர உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும்.

வெளிநாட்டுத் தீர்ப்பும் இப்படித்தான். இங்கே நடந்த இந்துத் திருமணத்தை, மனைவி போகாமலும் சம்மதிக்காமலும், நம் சட்டத்தில் இல்லாத காரணத்தைச் சொல்லி அங்கே முறித்துவந்தால் இங்கே அதற்கு மதிப்பில்லை. 1991-ல் நரசிம்ம ராவ் வழக்கில் சொன்னது.

செலவுக்குப் பயந்து பத்திரத்தோடு நிறுத்துகிறவர்களுக்கு: பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். தொலைபேசியில் கேட்க 15100.

ஏற்கெனவே பத்திரம் எழுதிவிட்டவர்கள் அதைக் கிழிக்காமல் எடுத்து வாருங்கள். விவாகரத்துக்கு உதவாவிட்டாலும், எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள் என்பதைக் காட்ட அது பயன்படும். இருவரும் மறுமணம் செய்யாமல் இருந்தால் இப்போதே 13-பி போடலாம். மறுமணம் ஆகிவிட்டதென்றால் முதல் திருமணத்துக்குத் தீர்ப்பு வாங்கிய பிறகு இரண்டாவது திருமணத்தை மறுபடி நடத்திப் பதிவு செய்ய வேண்டும். பின்னால் வரும் தீர்ப்பு, முன்னால் செய்த செல்லாத திருமணத்தைச் செல்லுபடியாக்காது. புதுத் தாலியின் தேதி தீர்ப்புத் தேதிக்குப் பிந்தியதாக இருக்கட்டும்.