சொல் விளக்கம்: கௌரவ

இலங்கையின் வடக்கே வன்னியில், முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழா அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். பிரதம விருந்தினர் 'கௌரவ பாராளுமன்ற உறுப்பினர்'. அவருக்குக் கீழே இரண்டு 'கௌரவ விருந்தினர்கள்'. அடியில் விழாக் குழுவின் 'கௌரவ செயலாளர்'. ஒரே தாளில் ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. முதலாவது, பதவிக்குரிய அடைமொழி. இரண்டாவது, நாம் மதித்து அழைத்தவர் என்ற பொருள். மூன்றாவது, சம்பளம் வாங்காமல் பணி செய்பவர் என்ற பொருள்.

எழுத்துப் பிழை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் இது 'கெளரவ' என்று அச்சாகிறது. ஔகாரக் குறியைத் தட்டாமல் எகரக் குறியும் ளகரமும் தட்டுவதால் வருவது. பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் வாசித்தால் 'கெ-ள-ர-வ'. கணினியில் தேடினால் அகப்படாது. தமிழ்நாட்டு நாளிதழ்கள் 'கவுரவம்' என்று எழுதுகின்றன. அதுவும் சரியே.

சொல் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. அங்கே 'குரு' என்றால் பாரமானது. ஆசிரியரைக் குறிக்கும் குருவும் அதே சொல். அதிலிருந்து பிறந்த 'கௌரவம்' பாரம், கனம், மதிப்பு என்று விரிந்தது. சிங்களத்தில் அமைச்சர் பெயருக்கு முன்னால் கேட்கும் 'கரு'வும் இந்த உறவுதான். முதலெழுத்தைக் காந்தி என்பதில் ஒலிப்பதுபோல ஒலிக்க வேண்டும். பாரதக் கதையின் கௌரவர் இதில் சேரமாட்டார்கள். அவர்கள் குரு என்ற அரசனின் குலத்தில் வந்தவர்கள். அந்தக் ககரம் வேறு ஒலி, தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆங்கிலேயரின் சட்டசபை வழக்கோடு வந்த 'Honourable' என்ற அடைமொழிக்கு ஈடாக இலங்கையில் 'கௌரவ' நிலைத்தது. தமிழ்நாட்டில் முன்பு 'கனம் அமைச்சர்' என்றார்கள், பிறகு 'மாண்புமிகு' ஆனது. இதுவே சரியான தமிழ்ச் சொல் என்பது என் முடிவு. மாண், மாட்சி, மாண்பு எல்லாம் ஒரே வேர். திருக்குறள் இல்வாழ்க்கைக்கு ஏற்ற நற்குணத்தை 'மனைத்தக்க மாண்பு' என்கிறது. கடிதம் எழுதும்போது 'மதிப்பிற்குரிய' போதும். சம்பளமில்லாப் பணிக்கு 'மதிப்புறு' என்ற சொல் இருக்கிறது. இப்படிப் பிரித்து வழங்கினால் அழைப்பிதழில் உள்ள குழப்பமும் தீரும்.

இளையவர்கள் இந்தச் சொல்லை, அல்லது இதற்கு ஈடான ஏதாவதொன்றைத் தலைவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டுமா? முகநூலைத் திறந்தால் அமைச்சர் 'அவன்', உறுப்பினர் 'டேய்'. "எங்கட வாக்கில போனவருக்கு நாங்கள் ஏன் கௌரவம் போடவேணும்?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரண்டு தலைமுறையாக வன்னிச் சனம் கேட்ட வாக்குறுதிகளுக்குக் கணக்கில்லை. அந்தக் கோபத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும் என்கிறேன். அந்த அடைமொழி ஆளுக்கு அல்ல, ஆசனத்துக்கு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 2024 பொதுத் தேர்தலில் கிடைத்தவை 6 ஆசனங்கள். கிளிநொச்சி, வாக்களிப்பில் யாழ்ப்பாணத்தோடு சேர்கிறது. அந்த ஆசனங்கள் நம்முடையவை. அதில் இருப்பவரை 'டேய்' என்றால் நம்முடைய பொருளைத்தான் நாம் கீழே போடுகிறோம்.

இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. நாடாளுமன்றத்தில் எவ்வளவு கடுமையாக மோதினாலும் 'கௌரவ உறுப்பினர்' என்றே சுட்டுகிறார்கள், பேச்சைச் சபாநாயகரை நோக்கியே வைக்கவேண்டும் என்பது மரபு. சண்டை ஆளில் நிற்காமல் விடயத்தில் நிற்பதற்கான ஏற்பாடு அது. குளத்தடிக் கூட்டமொன்றில் ஒரு பெடியன் எழும்பி இப்படிக் கேட்கிறான் என்று வையுங்கள்: "ஐயா, போன மாரிக்கு முதல் வந்து குளக்கட்டைத் திருத்தித் தருவம் எண்டு சொன்னியள். அடுத்த மாரியும் வரப்போகுது. காசு ஒதுக்கினதோ இல்லையோ எண்டு இந்தச் சனத்துக்கு முன்னால சொல்லுங்கோ." இதில் பணிவுக்காக விட்டுக்கொடுத்தது ஒன்றுமில்லை. தலைவர் தப்பிப்போக வழியுமில்லை. அதே பெடியன் 'டேய்' என்று தொடங்கியிருந்தால், வந்தவர் அந்த 'டேய்'க்குப் பதில் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறியிருப்பார். குளக்கட்டு அப்படியே கிடக்கும்.

வன்னிக்கு 'அடங்காப்பற்று' என்ற பழம்பெயர் உண்டு. 1947இல் வவுனியாவிலிருந்து நாடாளுமன்றம் போன செ. சுந்தரலிங்கத்தை 'அடங்காத் தமிழன்' என்றே சனம் அழைத்தது. அடங்காமல் நிற்பது வேறு, வாயில் வந்ததைச் சொல்வது வேறு. இந்த வேறுபாடு எங்கள் ஊரில் எழுதப்படிக்கத் தெரியாத கிழவிக்கும் தெரியும்.

எல்லா இடத்திலும் 'கௌரவ' அடுக்கவேண்டும் என்று சொல்லவரவில்லை. விழா மேடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அடைமொழி சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசைப் பிள்ளைகள் வெயிலில் வாடிப்போகிறார்கள். ஒருமுறை சொன்னால் போதும். நேரில் 'ஐயா', 'அம்மா' என்பதே நிறைவான மரியாதை. 'ஐ' என்றால் தலைவன் என்று நிகண்டுகள் பொருள் சொல்கின்றன. வன்னியில் பெற்ற தகப்பனையும் ஐயா என்று கூப்பிடுகிற வீடுகள் நிறைய. தமிழரசுக் கட்சித் தலைவர்களாக இருந்த செல்வநாயகம் 'தந்தை செல்வா' ஆனதும், சம்பந்தன் 'சம்பந்தன் ஐயா' ஆனதும் சனம் தானாகக் கொடுத்தவை. அப்படிப்பட்ட பெயர்களை இளையவர்மேல் திணிக்கக்கூடாது. 'தோழர்' என்று ஒரே மட்டத்தில் நின்று அழைப்பவர்கள் அப்படியே அழைக்கட்டும், அதிலும் மரியாதை உண்டு. ஒருவரையே பன்மையில் சுட்டுவது வழக்கினால் வந்த உயர்சொல் என்று தொல்காப்பியமே குறித்திருக்கிறது. 'அவர்', 'நீங்கள்' இரண்டையும் விடாமல் இருந்தால் மற்ற அடைமொழிகள் இடத்துக்கு இடம் மாறலாம்.

இதே அளவுகோல் தலைவர்களுக்கும் உண்டு. ஈழத்துப் பேச்சில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறது. 18 வயதில் வாக்குச்சீட்டு வாங்குகிற பிள்ளையிடம் "தம்பி, நீ இரு, உனக்கு விளங்காது" என்று ஒலிவாங்கியில் சொல்வதை நிறுத்த வேண்டும். வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது வாயில் வருகிற 'நீங்கள்', தேர்தல் முடிந்த பிறகும் வரவேண்டும்.