கசியும் டிரான்சிஸ்டரும் மூளையின் கொலுசொலியும்

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்டிருக்கிறார்: "கைகால் செயலிழந்தவர்கள் நினைத்தாலே கணினித் திரையில் சுட்டி நகர்கிறதாமே! மூளையின் துடிப்பு ஒரு சில்லுக்கு எப்படிக் கேட்கிறது?"

நரம்பு செல்லின் மின் துடிப்பு பள்ளிப் பாடம்தான். உள்ளே ஏறக்குறைய 100 மில்லிவோல்ட் எழும்பி, ஒரு மில்லிநொடியில் அடங்கும். செல்லுக்கு வெளியே நிற்கும் மின்முனைக்கு எட்டுவதோ 50 முதல் 500 மைக்ரோவோல்ட். ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயில் மேளச் சத்தத்தினிடையே ஒரு குழந்தையின் கொலுசொலியைக் கேட்க முயல்வது போன்றது இது. உலோகம் உடல் திரவத்தைத் தொட்டதும் தானாகப் பிறக்கும் மின்னழுத்தமே அந்த மேளம். அது 50 மில்லிவோல்ட் வரைகூடப் போகும். அதையும் சேர்த்துப் பெருக்கினால், சிறு மின்னழுத்தத்தைப் பெரிதாக்கும் சுற்றான பெருக்கி திணறி நின்றுவிடும்.

மாறாத மின்னழுத்தத்தை மின்தேக்கி தடுக்கும். சரி, ஆனால் மூளையின் மெதுவான அலைகளும் நமக்கு வேண்டும். ஆகவே 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டுமே வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது என்பதை மின்தேக்கியும் அதனோடு சேரும் மின்தடையும்தான் முடிவு செய்யும். சில்லில் இங்கே இடம்பெறும் மின்தேக்கி 0.2 பிக்கோஃபாரட் அளவே. கணக்குப் போட்டுப் பாருங்கள், அதனோடு இணைய வேண்டிய மின்தடை சுமார் 80,000 கோடி ஓம்! அவ்வளவு பெரிய மின்தடையைச் சில்லில் வரைய இடம் ஏது?

யூட்டா பல்கலைக்கழகத்தின் ரீட் ஹாரிசனும் கேமரன் சார்லஸும் 2003இல் வெளியிட்ட பெருக்கியில் மின்தடைக்குப் பதிலாக, ஏறத்தாழ அணைந்த நிலையிலுள்ள டிரான்சிஸ்டர்களே (சில்லின் நுண்ணிய மின்சுவிட்சுகள்) இருந்தன. மண்பானை நீரைத் தாங்கும், ஆனாலும் துளித்துளியாய் வியர்க்கும் அல்லவா? அணைந்த டிரான்சிஸ்டரும் அப்படித்தான் மின்னோட்டத்தைத் துளித்துளியாய்க் கசியவிடுகிறது. மற்றவர்கள் குறையென்று ஒழிக்கப் பார்க்கும் கசிவையே இவர்கள் மின்தடையாக்கினார்கள். அந்தப் பெருக்கி தானே சேர்க்கும் இரைச்சல் 2.2 மைக்ரோவோல்ட், செலவான மின்திறன் 80 மைக்ரோவாட். திறன் கூடினால் மூளைத் திசு சூடாகும் என்பதால் இந்தச் சிக்கனம் உயிர்முக்கியம்.

கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி மாணவி ஒருவர் இத்தகைய சுற்றைக் கணினியில் வடிவமைத்துவிட முடியும். அதைச் சிலிக்கனில் வார்க்க மொஹாலியில் 180 நானோமீட்டர் ஆலை இருக்கிறது. அதற்கான பணம் சேலம் போன்ற ஊர்களுக்கும் வந்தாக வேண்டும். வலிப்பும் மூளையின் மின் துடிப்பில் எழும் கோளாறுதான்; ஆனால் வலிப்பு வந்தவர் கையில் இன்னும் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம். தானாக அடங்கும் வலிப்புக்குச் சாவி பெயர் வாங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

டிரான்சிஸ்டரின் கசிவுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு: வெப்பம் மாறினால் அதுவும் மாறும், வெளிச்சம் பட்டால் கூடும். அதனால் ஆய்வுக்கூடத்தில் சில்லை மூடி வைத்தே அளக்க வேண்டும். மண்டை ஓட்டுக்குள்ளோ எப்போதும் இருட்டு, எப்போதும் ஏறத்தாழ 37 டிகிரி.