மாற்றுத்திறனாளிகள் குழந்தையைத் தத்தெடுக்கலாமா?

நீலகிரி மலையில் கோத்தகிரி பக்கம், போலியோவால் கால் பாதித்த ஒருவரும் அவர் மனைவியும் தத்தெடுக்க நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்தில் முதலில் கிடைக்கும் பதில், “உங்களுக்கெல்லாம் தர மாட்டாங்க.”

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் 2022ஆம் ஆண்டு தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும் கேட்பது, உடலாலும் மனதாலும் வருமானத்தாலும் குழந்தையை வளர்க்க முடியுமா என்பதைத்தான். உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கக் கூடாது. ஊனம் தடை என்று எங்கும் எழுதவில்லை.

சிக்கல் மருத்துவச் சான்றிதழில் வரும். நாள்பட்ட நோயோ தொற்று நோயோ இல்லை, தத்தெடுக்கத் தகுதியானவர் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். காலைப் பார்த்ததும் சிலர் தயங்குவார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் சதவீதம் இருக்கும். அவர் கடை நடத்துவதும் வண்டி ஓட்டுவதும் அதில் இருக்காது. அன்றாடம் எதையெல்லாம் தானே செய்கிறார் என்று மருத்துவரிடம் விளக்கிச் சொல்லி, தகுதியைத் தெளிவாக எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

பதிவு, தத்தெடுப்பை நடத்தும் மத்திய அரசு அமைப்பான காராவின் (CARA) இணையதளத்தில். மணமாகி 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85ஐத் தாண்டக் கூடாது. தனியாக இருக்கும் பெண் எந்தக் குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது.

அப்புறம் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். மலையில் கவனமாக இருக்க வேண்டிய கட்டம் இதுதான். சாலையிலிருந்து முப்பது படி இறங்கினால்தான் வீடு, மழைக்காலத்தில் படியெல்லாம் பாசி. ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எப்படித் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவீர்கள் என்று கேட்கத்தான் செய்வார். கோபப்பட வேண்டாம், அது நியாயமான கேள்வி. படிக்குக் கைப்பிடி, கூப்பிட்டால் வரும் பக்கத்து வீட்டு ஜீப், கூடவே இருக்கும் மாமியார் என்று பதில் கையில் இருக்கட்டும். பார்வையற்ற பெற்றோர் என்றால் மருந்தை எப்படி அளந்து கொடுப்பார்கள் என்பதைச் செய்தே காட்டிவிடலாம். மறைப்பதுதான் வினை. வீட்டைப் பார்த்து அவர் எழுதும் அறிக்கை 3 ஆண்டுகள் செல்லும்.

தகுதியில்லை என்று முடிவானால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், மேல்முறையீடும் உண்டு. ஊனம் மட்டுமே காரணம் என்றால், பாகுபாட்டைத் தடுக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 3ஐக் காட்டி மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் புகார் எழுதலாம். இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 23ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் தத்தெடுக்கும் உரிமையைச் சொல்வதோடு, குழந்தை வளர்ப்பில் அவர்களுக்கு அரசு உதவ வேண்டும் என்றும் சொல்கிறது.

2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை நீதிமன்றம் பிறப்பிப்பதில்லை, மாவட்ட ஆட்சியர்தான். பந்தலூர்க்காரர்களுக்கு, ஆட்சியர் அலுவலகம் இருக்கும் ஊட்டி போய்வர ஒரு நாள் போய்விடும். ஆவணங்களை ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இவ்வளவு அலைவானேன், ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் மூலம் ஒரு குழந்தையைப் பெற்றுக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சே வேண்டாம். சட்ட நடைமுறை இல்லாமல் தத்துக் கொடுத்தவருக்கும் பெற்றுக்கொண்டவருக்கும் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், இரண்டும்கூட விழலாம்.

குழந்தை வந்த பிறகு 2 ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். போடுகிறேன் என்று சொன்ன கைப்பிடியை அதற்குள் போட்டுவிடுங்கள்.