ஸ்ட்ரோபிலேஷன்: தமிழில் வட்டுப்பிளவு

நிலாச் சொறிமுட்டை (ஜெல்லிமீன்) என்னும் ஆரேலியா கலவியின்றிப் பெருகும் முறைகளில் முதன்மையானது ஸ்ட்ரோபிலேஷன். கருவுற்ற முட்டையிலிருந்து வரும் பிளானுலா இளவுயிரி சிப்பி ஓட்டிலோ துறைமுகத் தூணிலோ ஒட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரப் பாலிப் ஆகிறது, அதாவது ஓரிடத்தில் ஒட்டி வாழும் பருவம். பருவம் வந்ததும் உணர்கொம்புகளுக்குச் சற்றுக் கீழே முதல் பள்ளம் விழும். அதன்கீழ் அடுத்தது, அதன்கீழ் அடுத்தது. கொம்புகள் சுருங்கி உடலோடு கரைய, ஒவ்வொரு வளையமும் எட்டு மடல் கொண்ட வட்டாகிறது. ஒவ்வொரு மடலின் நுனியும் இரண்டாகப் பிரிந்திருக்கும். அந்தப் பிளவுக்கு நடுவே ஓர் உணர்வுறுப்பு. மேல்வட்டுதான் முதலில் முதிரும். துடித்துத் துடித்துக் கழன்று நீந்திப் போகும் அந்தக் குஞ்சுக்கு எஃபிரா என்று பெயர். அடிக்கட்டை சாவதில்லை. அதில் புதிய கொம்புகள் முளைத்து மறுபடி பாலிப் ஆகும்.

கிரேக்கத்தில் ஸ்ட்ரோபிலோஸ் என்றால் சுழல்வது, பைன் மரக்கூம்பு. நார்வே விலங்கியலாளர் மைக்கேல் சார்ஸ் 1829இல் இந்த அடுக்குருவத்தை ஸ்ட்ரோபிலா என்ற தனி விலங்காகவும், வெறும் பாலிப்பை ஸ்கைஃபிஸ்டோமா என்ற வேறொரு விலங்காகவும் விவரித்தார். எஃபிராவையோ அதற்கு முன்பே தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே உயிரின் பருவங்கள் என்பதைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1841இல் விரிவாக நிறுவியவரும் சார்ஸ்தான்.

தமிழில் இதை ‘மொட்டு விடுதல்’ என்பது பிழை. மொட்டில் தாயுடலின் பக்கவாட்டில் புதிதாக ஒன்று வளர்கிறது. இங்கே இருக்கும் உடலே உருமாறிப் பிரிகிறது. ஆரேலியா பாலிப் மொட்டும் விடும் என்பதால் இரண்டையும் குழப்பவே கூடாது. ‘குறுக்குப் பிளவு’ சரிதான், ஆனால் கோனாக்டினியா என்னும் கடற்சாமந்தியும் குறுக்கே பிளக்கிறது. உருமாற்றம் அந்தச் சொல்லில் இல்லை. ‘அடுக்குப் பிளவு’ ஆரேலியாவுக்கு அழகாகப் பொருந்தும். தலைகீழாகக் கிடக்கும் காசியோபியா என்னும் வேறொரு சொறிமுட்டையில் உதைக்கும்: அதன் பாலிப் ஒரு தடவைக்கு ஒரே ஒரு எஃபிராவைத்தான் விடும், அடுக்கே கிடையாது. ஆகவே வட்டுப்பிளவு என்போம். ஆரேலியாவினுடையது பலவட்டுப் பிளவு, காசியோபியாவினுடையது ஒருவட்டுப் பிளவு.

நாடாப்புழுவின் கண்டத் தொடரையும் ஸ்ட்ரோபிலா என்றே எழுதுகிறார்கள். அங்கே கழுத்திலிருந்து கண்டங்கள் தோன்றுகின்றன. அவை முட்டைகளைச் சுமக்குமே தவிர, தனி உயிராக வளர்வதில்லை. அதற்கு ‘கண்டத்தொடர்’ போதும்.

காட்சித்தொட்டியில் பிளவைத் தூண்ட, குளிர்கடல் ஆரேலியா பாலிப்பை 18–20 பாகை செல்சியஸிலிருந்து 10–12க்கு இறக்கிச் சில வாரம் வைக்க வேண்டும். குளிரில் சிஎல்390 என்ற மூலக்கூறு மெல்லச் சேர்ந்து நாள்கணக்கை வைக்கிறது என்று 2014இல் கண்டறிந்தார்கள். அவசரப்பட்டுச் சில நாளில் சூடேற்றினால் பிளவு தொடங்காது. பள்ளம் விழுந்து கொம்பு கரைந்த பாலிப்பால் இரை பிடிக்க முடியாது. அப்போதும் இரையாக ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறாலைக் கொட்டினால் அது அழுகி நீரைக் கெடுக்கும். காசியோபியாவுக்குக் குளிர் உதவாது. அதற்கு வெதுவெதுப்பான நீரும், உடலுக்குள் குடியேறும் நுண்பாசியும் தேவை. பாசி சேராத பாலிப் பொதுவாக வட்டு விடாமலே இருந்துவிடும்.